ஒன்றரையிலிருந்து நாலரை வரை

என் தம்பியும் அவன் மனைவியும் இன்றைக்கும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் பாதியிலேயே "பிரிஞ்சிட்டாங்களா?" என்று அவசரப்படுகிறார்கள். அவர்கள் பிரியவில்லை. பேச்சு நின்றுபோனது எனக்கும் தம்பிக்கும்தான்.

நான் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறேன். பதினாறு வருஷம் ஆகிறது. பல்வலியோடு வருகிறவர்கள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "ஒரு மணி நேரமா உட்கார வச்சிருக்கீங்களே, நீங்கள்லாம் மனுஷங்கதானா?" என்று சண்டைக்கு வருவார்கள். வந்து பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். துணைக்கு வந்தவருக்கு ஒரு வலியும் இல்லை, டிவியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். "அதுக்குள்ள கூப்பிட்டுட்டீங்களா?" என்பார் அவர். நான் யாரிடமும் வாதாட மாட்டேன். வந்த நேரம் எழுதிவைத்த நோட்டைத் திருப்பிக் காட்டுவேன். வாயடைத்துப் போவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் அல்ப சந்தோஷமும் உண்டு.

தம்பிக்கு மீன் கம்பெனியின் குளிர்க் கிடங்கில் வேலை. உள்ளே இருபது நிமிஷம் ஆனதும் மணி அடித்து ஆட்களை வெளியே கூப்பிட்டுவிடுவார்கள். அவர்களாக வரட்டும் என்று விட்டால் வர மாட்டார்களாம். "உள்ள அஞ்சு நிமிஷம்னு தோணும்கா. வெளிய வந்து பாத்தா வச்சிட்டுப் போன டீ ஆறி அவலாயிருக்கும்," என்பான்.

அவன் மனைவி கோர்ட்டில் டைப்பிஸ்ட். சாட்சி சொல்வதைச் சொன்னபடியே அடிக்கிற வேலை. கால் மணி நேரம் கழுத்தைப் பிடித்து நெரித்தான் என்று ஒருவர் சத்தியம் செய்வார், கேமராவில் பார்த்தால் நாற்பது நொடி இருக்கும் என்று சொல்லிச் சிரிப்பாள். "பொய் சொல்லலக்கா. அவங்களுக்கு அது கால் மணி நேரம்தான்," என்றும் சேர்த்துச் சொல்வாள். எங்கள் வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் அந்தப் பொறுமை.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டானாள். ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் விடிகாலை என் போன் அடித்தது. அவள்தான். குரல் காய்ந்து போயிருந்தது.

"அக்கா, உங்க தம்பி மருந்து வாங்கப் போனவர் இன்னும் வரல. விடியறதுக்கு முன்னாடி போனது. மத்தியானமே ஆயிடுச்சு. எனக்குப் பயமா இருக்கு."

ஜன்னலைப் பார்த்தேன். அப்போதுதான் வெளுக்க ஆரம்பித்திருந்தது. மணி ஆறு பத்து.

"அம்மாடி, இன்னும் பால்காரரே வரல. மத்தியானமா?"

"விளையாடாதீங்கக்கா."

அதற்குள் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தம்பி போனை வாங்கினான். "பதிமூணு நிமிஷம்கா. பக்கத்துத் தெரு மெடிக்கலுக்குப் போயிட்டு வர பதிமூணு நிமிஷம். அரை நாள் ஆச்சுன்னு ஊரைக் கூட்டுறா."

மூன்று பேரும் சிரித்தோம். அவளும்தான். பிறகு அவன் சொன்னான்: "நேத்து சாயந்தரம் காய்ச்சல் லேசாத்தான் இருந்துச்சாம். இப்ப நூத்தி நாலு இருக்குக்கா."

"மருந்தைத் தூக்கிப் போட்டுட்டு ஆட்டோ கூப்பிடு. நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்," என்றேன்.

கர்ப்பப்பைக்குள் கிருமி போய்விட்டது என்றார்கள். ஒரு நிமிஷமும் தாமதிக்க முடியாது, குழந்தையை எடுத்தால்தான் தாய் பிழைப்பாள் என்றார்கள். ஏழு ஐம்பதுக்கு எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை ஒரு கிலோ கூட இல்லை. தாயை இரண்டாவது மாடியில் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மயக்கத்திலேயே வைத்திருக்கப் போவதாகவும், எப்போது எழுப்புவோம் என்று சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். குழந்தை நான்காவது மாடிக்குப் போனது. தம்பி குழந்தையோடு போனான். நான் கீழுக்கும் மேலுக்குமாகப் படி ஏறி இறங்கினேன்.

அந்த நான்காவது மாடி அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜன்னலே கிடையாது. காலை, மதியம் என்று எதுவும் உள்ளே வராது. எப்போதும் ஒரே வெள்ளை வெளிச்சம், ஒரே கதகதப்பு, ஒரே தாளத்தில் மெஷின்களின் டிக் டிக். குளிரிலேயே உழைத்துப் பழகிய உடம்பு அவனுடையது. அதற்கு முந்தின நாள் வேறொருவர் லீவு போட்டதால் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்திருந்தான். விடிகாலை ஐந்து மணிக்குத்தான் வீட்டுக்கே வந்திருக்கிறான். முப்பது மணி நேரத்துக்கு மேல் கண் மூடவில்லை.

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். வாயில் மூச்சுக் குழாய். பெட்டியின் பக்கவாட்டில் கை நுழைக்க வட்டமாக ஒரு திறப்பு. சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு தம்பி சுண்டு விரலை உள்ளே நீட்டினான். குழந்தை பிடித்துக்கொண்டது. அவனுடைய நகம் அளவுதான் அதன் உள்ளங்கை.

"அக்கா, பிடிக்கிறாக்கா!" என்று கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்காது என்று தெரிந்தும் வாயசைத்துச் சொன்னான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

மதியம் அவனுக்கு டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு மேலே போனேன். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை. கண்ணாடி வழியாகப் பார்த்தால், பெட்டியின் மேல் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அடித்துப்போட்ட மாதிரித் தூங்குகிறான். கை மட்டும் உள்ளேயே இருந்தது.

நர்ஸ் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். குட்டையாக, மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டிப் போட்டுக்கொண்டிருந்த பெண். எழுப்பவா என்று கேட்கிறாள். நான் வேண்டாம் என்று தலையாட்டி, இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். பத்து நிமிஷம்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். அவனுக்கு வாங்கிய டீயை நானே குடித்தேன். நான் தூங்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன், கண்ணைக்கூட மூடவில்லை. கண்ணாடி வழியே அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கடிகாரம் என் தலைக்கு மேலே இருந்தது. திரும்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை. எதுவும் மாறவில்லை, யாரும் வரவில்லை, வெளிச்சம் நகரவில்லை. இப்போதுதான் உட்கார்ந்தோம் என்றே இருந்தது.

நர்ஸ் வெளியே வந்தாள். "என்னம்மா, பத்து நிமிஷம்னு சொன்னீங்க. மணி நாலரை ஆகுது."

ஏதோ கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். எழுந்து திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரைதான்.

"மூணு மணிக்குப் பாப்பா கண்ணைத் தொறந்தா," என்றாள். "முதல் தடவை. சாரை எழுப்பலாம்னு கிட்ட போனேன். நீங்கதான் வேணாம்னீங்களேன்னு விட்டுட்டேன்."

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே அலாரம் அடித்தது. அவள் ஓடினாள். இன்னும் இரண்டு பேர் ஓடினார்கள். தம்பியை எழுப்பி வெளியே தள்ளாத குறையாக அனுப்பினார்கள். கன்னத்தில் பெட்டியின் விளிம்பு பதிந்த கோட்டோடு என் முன்னால் வந்து நின்றான்.

"என்னக்கா ஆச்சு? தூங்கிட்டேனா? எவ்வளவு நேரம் தூங்கினேன்?"

"பத்து நிமிஷம்தான்டா," என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. அந்த முகத்தைப் பார்த்ததும் தானாக வந்துவிட்டது. அதற்கப்புறம் அவன் மணி பார்க்கிற நிலையில் இல்லை. டாக்டர்கள் இரண்டரை மணி நேரம் போராடினார்கள். சாயந்தரம் ஏழு மணிக்கு எங்கள் குழந்தை போய்விட்டது. பதினோரு மணி நேரம் பத்து நிமிஷம் உயிரோடு இருந்தாள். பெயர் வைக்கவில்லை. பெட்டியில் ஒட்டிய சீட்டில் தாயின் பெயரைப் போட்டு, அவளுடைய குழந்தை என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

தாய் எப்போது எழுவாள் என்று யாராலும் சொல்ல முடியாததால் மறுநாளே அடக்கம் செய்துவிட்டோம். அவள் மூன்றாம் நாள்தான் கண் விழித்தாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மூக்குல மாஸ்க் வச்சாங்க. உடனே எழுப்பிட்டாங்க. பாப்பா எங்க?" என்று கேட்டாள். அவளுக்கு நடுவில் ஒரு நொடிகூட இல்லை. குழந்தை இப்போதுதான் வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தது. தம்பி சொல்லச் சொல்ல, அவள் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். இவர் ஏதோ உளறுகிறார், நீங்கள் சொல்லுங்கள் என்கிற மாதிரி. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து நாற்பது நாள் போல அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது பேப்பரும் பேனாவும் எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கல. உங்ககிட்ட பதினோரு மணி நேரம் இருக்கு. எனக்குச் சொல்லுங்க. ஒண்ணு விடாம," என்றாள் தம்பியிடம்.

அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். சந்தோஷம் என்று சொல்லலாமோ கூடாதோ, முகம் தெளிந்து சொன்னான். தலையில் எவ்வளவு முடி, காது எப்படி ஓரத்தில் மடங்கியிருந்தது, விரலைப் பிடித்தது, விடாதது. அவள் நேரம் போட்டுப் போட்டு எழுதிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்களையும் பக்கத்தில் விரித்து வைத்திருந்தாள்.

"ஒண்ணே காலுக்கு ஊசி போட்டாங்க. அப்புறம்?"

"அப்புறம் கண் அசந்துட்டேன்," என்றான். "ஒரு பத்து நிமிஷம். அதுக்குள்ள அலாரம் அடிச்சிடுச்சு."

அவள் பேனா நின்றது. ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தாள்.

"அலாரம் நாலு முப்பத்திரண்டுக்கு."

"இல்லையே, ரெண்டு மணி இருக்கும்."

"நாலு முப்பத்திரண்டுங்க. டாக்டர் கையெழுத்து இருக்கு. நடுவுல மூணு மணி நேரம் எங்க போச்சு?"

தம்பி காகிதத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினான். அந்தப் பார்வையில் சந்தேகம்கூட இல்லை. அக்கா சொல்லிவிடுவாள் என்கிற நம்பிக்கை இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லடா," என்றேன்.

அவள் பேனாவை மூடினாள். கோர்ட்டில் தினமும் பார்க்கிறவள். இரண்டு பேரும் எதையோ மறைக்கிறோம் என்று முடிவு செய்துவிட்டாள். "அந்த மூணு மணி நேரத்துல என் குழந்தைக்கு என்ன பண்ணீங்க? எங்க போனீங்க?" என்று அவனைக் கேட்டாள். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. அன்று சாயந்தரமே துணியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. தம்பி போன் செய்து, "நான் எங்கயோ எழுந்து போயிருக்கேனாக்கா? டீ குடிக்கப் போனேனா? எனக்கே புரியல," என்று அழுவான். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயந்து போனேன். அப்போதும் அவனிடம் சொல்லத் துணிவு வரவில்லை. ஒரு சனிக்கிழமை கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு அவளிடம் போனேன். ஒன்றரை மணி, நான் காட்டிய பத்து விரல், நாலரை மணி, மூன்று மணிக்குக் குழந்தை கண் திறந்தது, நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "கண்ணைத் தொறந்தாளா?" என்று மட்டும் கேட்டாள். "எவ்வளவு நேரம்?"

"தெரியலம்மா. நர்ஸ் சொன்னதுதான்."

"வாங்க," என்று செருப்பை மாட்டினாள்.

அந்த நர்ஸைத் தேடிப் பிடிக்க மதியம் ஆகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, ஈரக் கையை உதறிவிட்டு வந்தாள்.

"ஒரு நிமிஷம் இருக்குமா, ரெண்டு நிமிஷமா, நான் பாக்கலம்மா," என்றாள். "எனக்கு ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு. அவ்வளவு சின்னக் குழந்தை கண்ணைத் தொறந்தா நாங்க எல்லாத்தையும் விட்டுட்டு நின்னு பாப்போம்."

"யாரைப் பாத்தா?"

நர்ஸ் தயங்கினாள். "அந்த வயசுல பார்வை தெளிவா இருக்காதும்மா. பாத்தான்னு சொல்ல முடியாது. ஆனா முகம் அவங்க அப்பா பக்கம்தான் இருந்துச்சு. அவர் தலை கிட்டவே இருந்துச்சு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"நான் மூணு நாள் தூங்கினேன். அவர் மூணு மணி நேரம் தூங்கினார். அவரை நான் என்னன்னு கோவிச்சுக்க முடியும்?"

நான் அவள் கையைத் தொட்டேன். அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை. என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நீங்க முழிச்சிட்டுதானேக்கா இருந்தீங்க."

அதற்கு நான் என்ன சொல்ல? எனக்கு அது பத்து நிமிஷமாகத்தான் இருந்தது என்று சொல்லலாம். இத்தனை வருஷமாக என் மேஜைக்கு எதிரில் எத்தனை பேர் சொன்னது அது. நான் யாரையாவது நம்பினேனா?

தம்பியிடம் நானே சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். மறுநாள் மீன் கம்பெனி கேட்டில் போய் நின்றேன். மணி அடித்ததும் தடித்த கோட்டும் கையுறையுமாக வெளியே வந்தான். புருவத்திலும் மீசையிலும் வெள்ளையாகப் பனி ஒட்டியிருந்தது. வெயிலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவன் புருவத்துப் பனி கரைந்து கண் ஓரமாக வழிந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. அழுகிறானா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீ பாத்தியாக்கா? அவ கண்ணை?"

"இல்லடா. உன் தலை மறைச்சிருந்துச்சு."

"நம்ம வீட்டு ஆளுங்க ஒருத்தர்கூடப் பாக்கல," என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை. "என்னை எழுப்பியிருக்கலாம்ல? எழுப்பாட்டியும் பரவால்ல, அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல? நான் அவளை விட்டுட்டு எங்கயோ போயிட்டேன்னு இத்தனை நாள் நினைச்சிட்டு இருந்தேனேக்கா."

"தப்புதான்டா. நீ களைச்சிருந்தே, கொஞ்சம் தூங்கட்டும்னு..."

"எனக்குத் தூக்கமா வேணும்?" என்றான். திட்டவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. மறுபடி மணி அடித்தது. உள்ளே போய்விட்டான். அதுதான் அவன் என்னிடம் முகம் பார்த்துப் பேசிய கடைசிப் பேச்சு.

அதே வாரம் அவள் வீடு திரும்பினாள். நான்கு வருஷம் ஆகிறது. வேறு குழந்தை இல்லை. அவள் மாதம் ஒரு தடவை என்னைப் பார்க்க வருவாள். முதலில் எல்லாம் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவாள். போன வருஷம் ஒரு நாள், "அன்னிக்கு அந்த பெஞ்சுல உட்கார்ந்து என்ன பாத்தீங்களோ அதைச் சொல்லுங்கக்கா," என்றாள்.

ஒன்றும் பார்க்கவில்லை என்றுதான் முதலில் சொன்னேன். எதுவுமே நடக்காததால்தானே அந்த மூன்று மணி நேரம் எனக்குப் பத்து நிமிஷமாகப் போனது. அவள் விடவில்லை. யோசித்துப் பார்த்ததில் ஒவ்வொன்றாக வந்தது. அவன் முதுகு மூச்சுக்கு ஏறி இறங்கியது. சட்டையில் வலது தோளில் தையல் விட்டிருந்தது. அவன் தலைக்கு அந்தப் பக்கம் குழந்தையின் கால் இரண்டும் தெரிந்தன. இடது கால் கட்டைவிரலை மட்டும் மடக்கி மடக்கி நீட்டினாள். காலில் மாட்டியிருந்த பஞ்சு உறை ஒன்று கழன்றுவிட்டது, நர்ஸ் வந்து மாட்டிவிட்டாள். திரும்பவும் உதைத்துக் கழற்றினாள்.

"உதைச்சாளா?" என்றாள் அவள். "எந்தக் கால்?"

"வலது."

"வயித்துலயும் வலது பக்கம்தான் உதைப்பா," என்றாள்.

இப்போது ஒவ்வொரு தடவையும் வந்தால் அதைக் கேட்பாள். நானும் சொல்வேன். சொன்னதையே சொன்னாலும் எழுதிக்கொள்வாள். முடிந்ததும் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, "வரேன்கா, அவர் கீழ நிக்கிறார்," என்பாள்.

தம்பிதான் வண்டியில் கொண்டுவந்து விடுகிறான். திரும்பக் கூட்டிப்போகவும் அங்கேயே காத்திருக்கிறான். என் வீடு மூன்றாவது மாடியில்தான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் அவன் தலை தெரியும். நடுவகிட்டில் நரைத்துவிட்டது. மேலே வா என்று ஒரு தடவை கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்க்காமல் கையை மட்டும் தூக்கி, வேண்டாம் என்று ஆட்டினான். அவள் இறங்கி வந்து பின்னால் ஏறி உட்கார்ந்ததும் வண்டியைக் கிளப்பினான்.